வெறும் நிலத்தில் காடு வரும் வழி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்டவர் கல்வியின் பெருமையைப் பேசுவார், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இது ஆண்டுதோறும் நடக்கிற காரியம். இம்முறை தலைமையாசிரியர் எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார். "ஐயா, நம்ம திடலுக்குப் பின்னாடி இருக்கிற பெலுக்காரை என்ன செய்யறதுன்னு சங்கக் கூட்டத்துல மூணு தடவை பேசியாச்சு. ஒரு முடிவுக்கும் வர முடியல. நீங்க உயிரியல் வாத்தியாரா இருந்தவர்தானே, அதைப் பத்தியே பேசுங்களேன்" என்றார். ஆகவே இன்றைக்கு என் பேச்சு அந்தப் புதர்க்காட்டைப் பற்றித்தான்.

சங்கத்தில் நடந்த வாதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பாம்பு இருக்கிறது, கொசு இருக்கிறது, பந்து உள்ளே போனால் எடுக்க முடியவில்லை. ஆகையால் புல்டோசர் வைத்துத் தள்ளிவிடலாம் என்கிறார்கள் சிலர். புல்டோசருக்குப் பணம் எங்கே, வெயில் காலத்தில் ஒரு தீக்குச்சி போதுமே என்கிறார்கள் வேறு சிலர். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்கள் கொஞ்சம் பேர். மூன்று தரப்புமே அதை "சும்மா கிடக்கிற நிலம்" என்றுதான் சொல்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பேச இடம் கிடைக்கிறது. அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை. பால்மரத்தை வெட்டிப் போட்ட நாள் முதல் அது ஒரு வேலையில் இறங்கியிருக்கிறது. அந்த வேலை இப்போது ஏறத்தாழ பாதியில் நிற்கிறது.

அந்த வேலைக்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு. தமிழ்ப் பாடநூல்களில் வழிமுறை வளர்ச்சி என்பார்கள். நீங்கள் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் மலாய்மொழியில் 'செசாரான்' என்று படிப்பீர்கள். ஓரிடத்தில் ஒரு கூட்டம் செடிகள் குடியேறும். அவை அந்த இடத்தின் மண்ணையும் நிழலையும் ஈரத்தையும் மாற்றும். மாறிய இடம் அவற்றுக்கே ஒத்துவராமல் போகும். அடுத்த கூட்டம் வந்து உட்காரும். செடி மாறினால் பூச்சி மாறும், பறவை மாறும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் யார் யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால் கதை சுவையாக இருக்கும்.

முதலில் லாலான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தப் புல்லைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. வெளிக்காட்டு வேலை பார்த்த அம்மாமார்கள் சொல்வார்கள்: "லாலானை வெட்டினா தலையத்தான் வெட்டுறோம், காலு மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு." இதைவிடத் துல்லியமாக எந்தப் பேராசிரியரும் சொல்லிவிட முடியாது. லாலானின் வெள்ளைப் பஞ்சு விதை காற்றில் பறந்து வரும். வந்து விழுந்த பிறகு, மண்ணுக்கடியில் ஊசிபோன்ற முனையுள்ள தண்டுகளை நாலாபக்கமும் ஓட்டும். தீ வைத்தால் மேலே உள்ள இலை கருகும். கீழே உள்ள தண்டுக்கு ஒன்றும் ஆகாது. மழை பெய்ததும் மற்றச் செடிகளுக்கு முந்திக்கொண்டு அதுதான் தளிர்விடும். பக்கத்தில் முளைத்திருந்த சின்னஞ்சிறு மரக்கன்றுகளோ அந்தத் தீயிலேயே செத்திருக்கும். ஆகவே லாலானுக்குத் தீ ஒரு கூட்டாளி. அடிக்கடி எரிகிற நிலம் எத்தனை ஆண்டானாலும் லாலான் காடாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். (தமிழ்நாட்டில் தருப்பை என்று வழங்கும் புற்களில் இதுவும் ஒன்று. அங்கே சடங்குக்கு ஆகிறது. இங்கே சாபத்துக்கு ஆளாகிறது.)

இந்த முரட்டுப் புல்லுக்கு ஒரே ஒரு பலவீனம். நிழல் ஆகாது. தோட்டத்துரைமார் இதைத் தெரிந்துகொண்டுதான் இளம் பால்மரங்களுக்கு இடையே பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிட்டார்கள். கொடி லாலானை மூடி வெயிலை மறைக்கும். அதன் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். கொடி போடாத இடத்தில் மருந்து தெளித்தார்கள். அந்த மருந்தைத் தோளில் சுமந்து அடித்தவர்கள் யார் என்பதும், அவர்கள் நகமும் கண்ணும் நுரையீரலும் என்னவாயின என்பதும் இந்தக் கூடத்தில் பல குடும்பங்களுக்குத் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை. அது தனிக்கதை, பேச்சை அந்தப் பக்கம் திருப்பினால் பரிசளிப்பு நாளைக்குத்தான் நடக்கும்.

லாலான் வெளியில் வாழ்கிற பிராணிகள் குறைவு. வெட்டுக்கிளி, வயல் எலி, புல் விதை தின்கிற சில்லைக் குருவிக் கூட்டம், எலியைத் தேடி வரும் பாம்பு. தீ வைக்காமல் சில ஆண்டு விட்டுவிட்டால் புல்லுக்கு நடுவே ஊதாப் பூவோடு ஒரு செடி தலைகாட்டும். மலாய்க்காரர்கள் அதைச் செண்டுடோக் என்பார்கள். பிள்ளைகளே, அதன் பழத்தைத் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டி விளையாடியிருப்பீர்களே, அதே செடிதான். நாக்கு கறுத்துப் போகுமல்லவா? அதன் அறிவியல் பெயரான 'மெலஸ்தோமா' என்பதற்குக் கிரேக்க மொழியில் கறுத்த வாய் என்றே பொருள். வெள்ளைக்காரப் பண்டிதரும் தின்று பார்த்திருக்கிறார் போலும்! புளிப்பேறிய சத்தில்லாத மண்ணையும், அலுமினியம் மிகுந்த மண்ணையும் அது தாங்கும். ஒரு பழத்துக்குள் தூள்போல் எண்ணற்ற விதை. சின்னானும் பூங்கொத்தியும் பழத்தைத் தின்று, வேறிடத்தில் போய் எச்சமிடும்.

இந்த எச்சந்தான் நம் கதையில் முக்கியமான ஆள். வெறும் லாலான் வெளியில் பறவை உட்காரக் கிளை கிடையாது. உட்கார இடமில்லாத ஊருக்குப் பழந்தின்னிப் பறவை எதற்கு வரும்? செண்டுடோக் ஆளுயரம் வளர்ந்ததும் உட்காரக் கிளை கிடைக்கிறது, தின்னப் பழமும் கிடைக்கிறது. வருகிற பறவை வயிற்றில் காலியாக வருவதில்லை. முந்தின இடத்தில் தின்ற விதையோடு வருகிறது. இப்படி ஒரு புதர் மற்ற மரங்களுக்கு வாசற்கதவைத் திறந்துவிடுகிறது.

அடுத்து வருவது மஹாங். அகன்ற இலை, வெளிறிய தண்டு, ஓரிரு ஆண்டிலேயே நம் தலைக்குமேல் போய்விடும். சில மஹாங் வகைகளின் தண்டை உடைத்துப் பாருங்கள், உள்ளே குழாய் மாதிரி இருக்கும். அதற்குள் எறும்புக் குடும்பம் வாழும். மரம் எறும்புக்கு வீடும் கொடுத்து, இலையிலோ இலையடிச் செதிலிலோ வெள்ளை மணிபோல் உணவும் செய்து கொடுக்கிறது. எறும்பு பதிலுக்குப் புழுவைக் கடித்து விரட்டுகிறது; மேலே படர வரும் கொடியின் நுனியைக் கடித்து எறிகிறது. வாடகை இப்படித்தான் வசூலாகிறது.

மஹாங் தழைத்து நிழல் விழுந்ததும் கீழே லாலான் மெலிந்து சாகும். எந்த மருந்தும் அடிக்காமல், எந்த அம்மாவின் முதுகும் வளையாமல் லாலான் சாகும். அதோடு நிற்பதில்லை. மஹாங்கின் கன்றுகளுக்கும் தாய் மரத்தின் நிழல் ஆகாது. தன் பிள்ளைகள் வளர முடியாத இடமாகத் தானே ஆக்கிவிட்டு, சில பத்தாண்டுகளில் அது விழுந்துவிடும். அந்த நிழலைப் பொறுத்துக்கொள்கிற வேறு மரங்கள் அதற்குள் கீழே வளர்ந்திருக்கும்: மெடாங், நாவல் இனத்தைச் சேர்ந்த கெலாட், அத்தி வகைகள். நம் திடலுக்குப் பின்னால் உள்ளது இந்தக் கட்டம். போன வாரம் உள்ளே போய்ப் பார்த்தேன். ஓரத்தில் செண்டுடோக், உள்ளே மஹாங், அதன் கீழே முழங்கால் உயரத்தில் மெடாங் கன்றுகள். லாலான் வேலியோரத்தில் மட்டுமே மிச்சம்.

"அப்படியே விட்டுவிட்டால் பெருங்காடு ஆகிவிடுமா?" என்று ஒரு பெற்றோர் என்னைக் கேட்டார். இதற்கு விடை சொல்ல, கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய் வரவேண்டும்.

ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே சுந்தா நீரிணையில் கிராக்காத்தாவ் என்ற எரிமலைத் தீவு இருந்தது. 1883 ஆகஸ்ட் 26, 27 ஆகிய நாள்களில் அது வெடித்தது. மொரீசியசுக்கு அருகே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரொட்ரிகஸ் தீவில் அந்த ஓசை பீரங்கிச் சத்தம்போல் கேட்டதாகப் பதிவு இருக்கிறது. எழுந்த கடலலையில் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தீவில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று. ரக்காத்தா என்ற மலைப்பகுதியும், அருகிலிருந்த செர்த்துங், பஞ்சாங் என்ற இரு சிறு தீவுகளும் மிஞ்சின. அவற்றின் மேலும் பல இடங்களில் 30 மீட்டருக்கு மேல் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் படிந்தன. நம் பெலுக்காரில் பழைய மண்ணாவது இருந்தது. அங்கே மண்ணே புதிது.

ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம், ஒரு பிரெஞ்சுக் குழு அங்கே போய் இறங்கியது. குழுவிலிருந்த எட்மன்ட் கொத்தோ என்பவர் உயிருள்ள ஏதாவது கண்ணில் படுகிறதா என்று தேடினார். அவர் கண்டது ஒன்றே ஒன்று: நுண்ணிய ஒரு சிலந்தி. அது வலை பின்னிக்கொண்டிருந்தது! குஞ்சுச் சிலந்திகள் ஒரு நூலை விட்டுக் காற்றில் ஏறிப் பயணம் போகும். அப்படி வந்து சேர்ந்த பயணி. மாட்டுவதற்கு ஓர் ஈ கூட இல்லாத தீவில் வலை விரித்துக் காத்திருந்தது. எனக்கு இந்தச் சிலந்தியை நினைத்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

1886இல் போகோர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் மெல்கியோர் திரூப் போனார். சாம்பலின் மேல் வழவழப்பாக நீலப்பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அதன் மேல் 11 வகைப் பெரணிகள். பெரணிக்கு விதை கிடையாது, தூசியைவிட நுண்ணிய வித்துகள். காற்று எங்கே கொண்டுபோனாலும் போகும். கடற்கரையில் மட்டும் வேறு கதை. அங்கே அலை கொண்டுவந்து போட்ட காய்களும் விதைகளும் முளைத்தன. அடப்பங்கொடி, சவுக்கு, கெத்தாப்பாங் எல்லாம் கடல்வழி வந்தவை, அல்லது கடலோரக் காற்று தந்தவை. ஜாவாக் கரையும் சுமத்ராக் கரையும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1897இல் போய்ப் பார்த்தபோது பெரணிகள் பின்வாங்கியிருந்தன. உள்நிலம் புல்வெளி ஆகியிருந்தது. என்ன புல் என்கிறீர்கள்? நாணலும் நம்முடைய லாலானும்! 1889இலேயே ஓர் உடும்பு அங்கே கண்ணில் பட்டிருக்கிறது. நம் ஆற்றோரங்களில் பிள்ளைகள் கல்லால் அடிக்கிற அதே நீருடும்பு வகை. கடலில் நீந்தி வந்திருக்கிறது. பிறகு புல்வெளியில் ஆங்காங்கே மரங்கள் முளைத்தன. பறவையும் பழந்தின்னி வௌவாலும் அத்தி விதைகளைக் கொண்டுவந்து போட்டன. அத்திக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் அத்தி வகைக்கும் அதற்கென்று அமைந்த சின்னக் குளவி வந்து உள்ளே புகுந்தால்தான் காய் விதை பிடிக்கும். மரம் மட்டும் வந்தால் போதாது, அதன் குளவியும் கடல் தாண்டி வரவேண்டும். வந்திருக்கிறது. இன்று அந்தத் தீவுகளில் 20க்கும் மேற்பட்ட அத்தி வகைகள் இருக்கின்றன. 1920களின் இறுதிக்குள் புல்வெளி பெரும்பாலும் மறைந்து தீவு முழுதும் காடு மூடிவிட்டது. வெடித்து 50 ஆண்டு ஆகவில்லை.

காடு மூடியதால் எல்லாருக்கும் நன்மையா? இல்லை. 1908இல் அங்கே 13 வகை நிலப்பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 1921க்குள் அது ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 1934 வாக்கில் எடுத்த கணக்கிலும் மொத்தம் ஏறத்தாழ அதுவேதான்; ஆனால் பட்டியலில் சில பெயர்கள் மாறியிருந்தன. திறந்த வெளியில் வாழ்கிற ஒரு கீச்சான் வகையும் ஒரு சின்னான் வகையும் போய்விட்டன. காட்டுப் பறவைகள் அந்த இடத்துக்கு வந்தன. புல்வெளியில் குடியிருந்தவனுக்குக் காடு வந்தது வீடு போனதுதான்.

இன்னொரு செய்தி. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள், ஒரே நாளில் அழிந்தவை. அப்படியானால் மூன்றிலும் ஒரே காடுதானே வரவேண்டும்? ரக்காத்தாவில் கடம்புக்கு உறவான நியோநாக்ளியா என்ற மரம் ஆட்சி செய்கிறது. மற்ற இரண்டிலும் வேறு மரங்கள் முந்திக்கொண்டன. முன்பு அமெரிக்கத் தாவரவியலாளர் கிளமென்ட்ஸ், 1916இல் எழுதிய நூலில், காடு ஓர் உயிர் மாதிரி, குழந்தையாகப் பிறந்து ஒரே வழியில் வளர்ந்து ஒரே முதிர்நிலையை அடையும் என்றார். அவர் நாட்டவரான கிளீசன் 1926இல் மறுத்தார்: எந்த விதை எப்போது வந்து விழுகிறது என்கிற தற்செயலுக்கும் பெரிய பங்கு உண்டு என்றார். கிராக்காத்தாவைப் பார்த்தால் எனக்குக் கிளீசன் பக்கமே மனம் சாய்கிறது. (ஒரு விதைகூட, ஒரு வேர்கூட வெடிப்பில் தப்பவில்லை என்பதற்கு யார் சாட்சி என்று 1929இல் பாக்கர் என்ற தாவரவியலாளர் ஒரு நூலே எழுதினார். அறிவியலில் இப்படிப் பிடிவாதமாகக் கேட்பவர்களும் வேண்டும்.)

அதே கடலில் குட்டி ஒன்றும் பிறந்தது. 1927இல் கடலடியில் குமுறத் தொடங்கி 1930இல் நிலையாகத் தலைதூக்கிய அனாக் கிராக்காத்தாவ், அதாவது கிராக்காத்தாவின் பிள்ளை. 1952இல் ஒருமுறை அதன் மேல் வளர்ந்ததெல்லாம் அழிந்தது. மறுபடி நாணலும் சவுக்கும் ஏறின. 2018 டிசம்பர் 22 இரவு மலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து, எழுந்த அலையில் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தீவின் பசுமை மீண்டும் பூச்சியத்துக்கு வந்தது. பாடநூலின் முதல் பக்கத்தை அங்கே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 50 ஆண்டில் காடு வந்துவிட்டதே, நமக்கும் வந்துவிடும் என்று நினைத்தால், கொஞ்சம் பொறுங்கள். அது என்ன காடு என்று கேட்கவேண்டும். காற்றும் கடலும் பறவையும் வௌவாலும் தூக்கி வரக்கூடிய விதையுள்ள மரங்களின் காடு அது. நம் நாட்டுப் பெருங்காட்டின் அரசர்களான மெராந்தி, கெருயிங், காப்பூர் அப்படி வருகிறவை அல்ல. அவற்றின் காய்க்கு இறக்கை உண்டு, ஆனால் கனம் அதிகம். பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றியே சுழன்று விழும். ஆண்டுதோறும் காய்க்காது, சில ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுதும் ஒன்றாகக் காய்க்கும். விழுந்த விதை சில வாரங்களுக்குள் முளைக்கவேண்டும், இல்லையேல் செத்துப்போகும். உறங்கிக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது.

இதற்குச் சாட்சி பக்கத்திலேயே, சிங்கப்பூரில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியானவர்கள் அங்கே காட்டை வெட்டிக் கம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். கம்பீர் இலையைக் காய்ச்சிச் சாறெடுக்க விறகு வேண்டும்; அதற்கும் காட்டையே வெட்டினார்கள். 15, 20 ஆண்டில் மண் சலித்துவிடும். விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார்கள். விட்ட இடத்தில் முதலில் லாலான். பிறகு தியூப்-தியூப் என்ற மரம் மிகுந்த பெலுக்கார். அந்த மரம் ஆண்டு முழுதும் பூக்கும். கருவண்டுபோன்ற தச்சன் தேனீ மகரந்தம் சேர்க்கும். வௌவால் விதை பரப்பும். நூறாண்டுக்கு மேலாகியும், புக்கிட் தீமாவிலும் நடு நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் உள்ள பழைய காட்டில் காணப்படும் மரவகைகள் பல அந்த இரண்டாந்தரக் காடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. புக்கிட் தீமாவில் 1883இல் ஒதுக்கி வைத்த அந்தச் சிறு துண்டும் இல்லாமல் போயிருந்தால், எங்கேயிருந்து வரும்? விதை கொடுக்கத் தாய் வேண்டும். சுமந்து வர ஆள் வேண்டும். பெரிய விதையை விழுங்கிச் சுமக்கிற இருவாட்சி போய்விட்ட ஊரில், அந்த விதைக்காரன் மரம் நின்ற இடத்திலேயே நிற்பான்.

வௌவாலைப் பற்றி ஒரு வார்த்தை. ரம்புத்தான் பழத்தைக் கடித்துப் போடுகிறது என்று வலை கட்டிப் பிடித்துக் கொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். டுரியான் பூ இரவில் மலர்வது யாருக்காக என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். குகையில் வாழும் தேனுண்ணி வௌவால்தான் டுரியானுக்கும் பெத்தாய்க்கும் மகரந்தம் சேர்ப்பதில் முதலாள்.

தாய்மரம் பக்கத்தில் இல்லாத இடத்தில் மனிதன் கைகொடுத்தால் என்ன ஆகும்? கெப்போங்குக்குப் போய்ப் பாருங்கள். இன்றைய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் அமைந்துள்ள நிலம், பெரும்பகுதி, ஈயலம்பம் தோண்டிப் பாழாகி, காய்கறித் தோட்டமும் லாலானுமாகக் கிடந்தது. லம்பத்து மணலைப் பற்றிப் பேராக்காரர்களையும் சிலாங்கூர்க்காரர்களையும் கேளுங்கள்: வெயிலில் காலை வைக்க முடியாது, தண்ணீர் நிற்காது, சத்து என்பதே கிடையாது. தானாக அங்கே காடு வர எத்தனை தலைமுறை ஆகுமோ. 1926இல் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கி, உள்நாட்டுக் காட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். இன்று உள்ளே நடந்தால் நட்ட காடு என்று தோன்றாது. அங்குள்ள காப்பூர் மரங்களின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்: ஒரு மரத்தின் உச்சிக்கிளை மற்றதைத் தொடாமல், நடுவில் வாய்க்கால்போல் வானம் தெரியும். 2025இல் யுனெஸ்கோ அந்தக் காட்டை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. நட்டது 1926 முதல். பெயர் வந்தது 2025இல். இடையில் 99 ஆண்டு.

காப்பூர் என்றதும் நமக்கு ஓர் உறவு நினைவுக்கு வரவேண்டும். கோயில் தீர்த்தத்தில் போடுகிற பச்சைக் கற்பூரம் பழங்காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் கிடைத்தது. அதற்காகவே தமிழ் வணிகர்கள் சுமத்ராவின் பாருஸ் துறைக்குக் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பொறித்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. தோட்டத்துக்கு ஆள்பிடித்து வந்த காலத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தக் காட்டு மரத்தோடு நமக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்திருக்கிறது.

இனி நம் திடலுக்கு வருவோம். பெற்றோர் பயம் நியாயமானது. அதைக் கேலி செய்ய நான் வரவில்லை. ஆனால் காரணத்தைச் சரியாகப் பிடிக்கவேண்டும். டிங்கிக் காய்ச்சல் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். பெலுக்காருக்குள் நான் எண்ணியவை: 2 டயர், ஒரு பெயின்ட் டின், எண்ண முடியாத அளவு தண்ணீர்க் குவளைகள். இவற்றை மஹாங் மரம் கொண்டுவரவில்லை. பாம்பு எலிக்காக வருகிறது. எலி, சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் கொட்டுகிற மிச்சத்துக்காக வருகிறது. தீ வைப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டேன்: இத்தனை ஆண்டு நிழல் போட்டு விரட்டிய லாலானை நாமே அழைத்து வந்து உட்காரவைப்பது போலாகும். அதோடு, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். புல்டோசர் தள்ளினால் மேல்மண் சேர்ந்து போகும், முதல் மழையிலேயே திடல் சேறாகும்.

என் யோசனை இது. வேலியிலிருந்து 20 அடி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பந்தும் கிடைக்கும், பாம்பும் கண்ணுக்குத் தெரியும். கால்வாயைத் தூர்வாருங்கள். குப்பையை ஒரு கூட்டுப்பணியில் அள்ளிவிடுங்கள். மற்றதை விடுங்கள். நம் பள்ளியிலிருந்து பார்த்தால் தெரிகிற குன்றுக்காடு இருக்கிறவரைக்கும் பறவை விதை கொண்டுவரும். ஆனால் மெராந்தியும் காப்பூரும் அங்கிருந்து தானாக நடந்து வராது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கன்று வாங்கி மஹாங் நிழலில் நடலாம். சின்ன வயதில் அவற்றுக்கு அந்த நிழல்தான் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உள்ளே மூன்று இடத்தில், வேலியோரம் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் குறித்து நாலு மூலையிலும் முளை அடித்துவிடுங்கள். ஆசிரியரோடு, நீளக் காற்சட்டையும் காலணியும் போட்டுக்கொண்டு, ஆண்டுக்கு இரு முறை போய் என்ன செடி எத்தனை, எவ்வளவு உயரம், என்ன பறவை, என்ன பூச்சி என்று ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். பால்மரக்காட்டில் வேலை செய்த பாட்டிக்குப் புத்தகத்தில் இல்லாத பெயரெல்லாம் தெரியும். ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டு ஆளுக்கொரு பக்கம் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போன பிறகு, அந்தப் பெயர்களைக் கேட்க ஆளில்லாமல் அவர்கள் வாயோடே நின்றுவிட்டன. மலாயில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர், கிடைத்தால் சீனத்தில் ஒரு பெயர், மூன்றையும் எழுதுங்கள். இப்போது முதலாம் ஆண்டில் இருக்கிற பிள்ளை ஆறாம் ஆண்டு முடிப்பதற்குள் நோட்டில் 12 பதிவு சேர்ந்திருக்கும். மலரில் இதைப் படிக்கிறவர்கள் வேறு பள்ளியைச் சேர்ந்தவர்களாக இருந்தால், உங்கள் பள்ளி வேலிக்கு அப்பாலும் இதே சதுரத்தைக் குறிக்கலாம். பிறகு இரண்டு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் நோட்டை நான் வாங்கி வந்திருக்கிறேன். தலைமையாசிரியர் மேசையில் பரிசுகளுக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்டு இருப்பது அதுதான். முதல் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. பரிசு வாங்க வேண்டியவர்கள் நெடுநேரமாக என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே அமர்கிறேன்.